உதட்டு வீக்கத்துக்கு மாத்திரை கேட்டு வர்றவங்களும், ஊசி போட்டவங்க சொல்லாம விட்டதும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல கல்யாணப் பொண்ணுங்களுக்கான அழகுக் குறிப்பு பக்கத்துல லிப் ஃபில்லர், அதான் உதட்ட எடுப்பா காட்ட ஜெல் ஊசி போடறது, அத பத்தி ஒரு பாரா வந்திருந்துச்சு, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல போய் ஊசி போட்டுட்டு அப்படியே ஆபீஸ் திரும்பிடலாம், ரெண்டு நாள் லேசா வீங்கும், பயப்பட ஒண்ணுமில்லனு. பெரும்பாலானவங்களுக்கு அது சரிதான், நான் மறுக்கல. ஆனா அந்த "லேசா வீங்கும்"ங்கற ஒத்தை வரிய நம்பித்தான் எங்க கடைக்கு வர்றாங்க, துப்பட்டாவால வாய மூடிக்கிட்டு, "அக்கா வீக்கத்துக்கு ஏதாச்சும் குடுங்க"னு. மதுரைல நானும் வீட்டுக்காரரும் மெடிக்கல் ஷாப் வச்சிருக்கோம், நான் டி.ஃபார்ம்னு மருந்தாளுநர் டிப்ளமா படிச்சவ, டாக்டர் இல்ல. இங்க எழுதுறத வச்சு யாரும் சொந்தமா வைத்தியம் பண்ணிக்க வேணாம். ஆனா எந்த வீக்கத்துக்கு வீட்ல படுத்துக்கலாம், எந்த வீக்கத்துக்கு அடுத்த நிமிஷம் ஆட்டோ புடிக்கணும்ங்கறது ஊசி போட்டுக்கற ஒவ்வொருத்தருக்கும் தெரிஞ்சிருக்கணும், அத சொல்லாம காசு வாங்குறாங்கங்கறதுதான் என் கோபம்.

அந்த சிரிஞ்ச்ல என்னதான் இருக்குனு முதல்ல சொல்லிடறேன். இப்ப உதட்டுக்கு போடறதுல பெரும்பாலானது ஹையலூரானிக் ஆசிட் ஜெல். நம்ம தோல்லயும் மூட்டுலயும் கண்ணுக்குள்ளயும் இயற்கையாவே இருக்கற சமாச்சாரம்தான், அத கம்பெனில பாக்டீரியாவ வளர்த்து எடுத்து, உடம்பு சீக்கிரம் கரைச்சிடாம இருக்க ஒரு கெமிக்கல் போட்டு ஒண்ணோட ஒண்ணு பிணைச்சு ஜெல்லாக்கி அடைச்சு விக்கிறாங்க. அமெரிக்காவுல மருந்துக்கெல்லாம் அனுமதி குடுக்கற அரசு அமைப்பு எஃப்.டி.ஏ., அது இந்த வகைக்கு முதல் அனுமதி குடுத்தது 2003 டிசம்பர்ல, அதுவும் மூக்குக்கும் வாய்க்கும் நடுவுல விழுற கோட்டுக்கு. உதட்டுக்குன்னு அனுமதி வந்தது 2011லதான். ஊற வச்ச ஜவ்வரிசி மாதிரி தண்ணிய இழுத்து வச்சுக்கறது இதோட குணம். ஊசி குத்தின காயம் ஒரு பக்கம், ஜெல் தண்ணி இழுக்கறது ஒரு பக்கம், உதடு வேற ரத்தக்குழாய் நெறைஞ்ச எடம், அதனால முதல் ரெண்டு மூணு நாள் நல்லாவே வீங்கும், காலைல எந்திரிச்சதும் ஜாஸ்தியா தெரியும், ஒரு பக்கம் கூட ஒரு பக்கம் கம்மியா இருக்கும், அங்கங்க ரத்தம் கட்டி கன்னிப் போகும், தொட்டா வலிக்கும். நாளுக்கு நாள் கொறஞ்சுக்கிட்டே வந்து ஒரு வாரம் ரெண்டு வாரத்துல அடங்கிடும். இது வழக்கமான வீக்கம். இதுக்கு தலைகாணிய உயர்த்தி வச்சு படுக்கறது, துணில சுத்தின ஐஸ் லேசா ஒத்தறது, இது போதும். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கறப்ப போய் போட்டுக்கிட்டு முகூர்த்தத்துக்குள்ள வத்திடுமானு கேக்கறவங்கள என்ன சொல்றதுனே தெரியல, ஒரு மாசமாச்சும் முன்னாடி போட வேணாமா.

இப்ப வழக்கமில்லாத வீக்கத்துக்கு வர்றேன். போன சித்திரைத் திருவிழா முடிஞ்ச சமயம், ஒரு பொண்ணும் அம்மாவும் வந்தாங்க, அம்மா வரும்போதே "நான் படிச்சு படிச்சு சொன்னேன் கேட்டாளா"னு ஆரம்பிச்சுட்டாங்க. முதல் நாள் சாயங்காலம் ஒரு எடத்துல போட்டுருக்கா, பேர் வேணாம். வீக்கம்னு பாத்தா ரொம்ப பெருசா ஒண்ணும் இல்ல, இதவிட பெருசா வீங்கினவங்கள பாத்திருக்கேன். ஆனா மேல் உதட்டுல இடது பக்கம் மட்டும் வெளுத்து போய் இருந்துச்சு, அதுக்கு மேல மூக்கு வரைக்கும் ஊதா கலர்ல வலை போட்ட மாதிரி கோடு கோடா. கன்னிப் போனா ஒரு எடத்துல திட்டா இருக்கும், இப்படி வலை மாதிரி ஓடாது. வலது பக்கம் அவளையே விரலால அமுக்கி விட சொன்னேன், அமுக்கின எடம் வெள்ளையாகி விட்டதும் உடனே செவந்துச்சு. இடது பக்கம் அமுக்கி விட்டா கலர் திரும்பவே இல்ல, ரெண்டு செகண்டுக்குள்ள திரும்பணும், நான் மனசுக்குள்ள ஆறு ஏழு எண்ணிட்டேன். "வலிக்குதாம்மா"னா, "ராத்திரி பூரா விண்ணுனு இருந்துச்சுக்கா, அதுக்கு முன்னாடி ஒண்ணும் தெரியல"ங்கறா. அதுல ஒரு விஷயம் இருக்கு, நெறைய ஃபில்லர்லயே மரத்துப் போற மருந்து கலந்துதான் வருது, அதனால ஆபத்தான வலி கூட ஆரம்பத்துல தெரியாம போயிடும். போட்ட எடத்துக்கு ஃபோன் பண்ணதுக்கு "அலர்ஜியா இருக்கும், ஐஸ் வைங்க, சிட்ரிசின் போடுங்க, மூணு நாள்ல போயிடும்"னு பதில்.

அது அலர்ஜி இல்ல. ஜெல் ரத்தக்குழாய்க்குள்ள போயிடுச்சு, இல்லாட்டி வெளிய இருந்து குழாய அமுக்குது. உதட்டுக்கு ரத்தம் கொண்டு வர்ற தமனி மேல ஒண்ணு கீழ ஒண்ணு, முகத்தோட பெரிய தமனில இருந்து பிரிஞ்சு வந்து உதட்டுக்கு உள்ளயே வளைஞ்சு ஓடுது, ஆளுக்கு ஆள் ஆழம் மாறும், அனுபவம் உள்ள டாக்டர் கையிலயே இது நடக்கலாம்னு அவங்களே சொல்றாங்க. அந்த எடத்துக்கு ரத்தம் போகலனா சதை செத்துப் போகும், கறுத்து, புண்ணாகி, தழும்பாகும். அரிதா அதே ரத்த ஓட்டத்துல ஜெல் கண்ணுக்கு போற குழாய்க்கு ஏறி பார்வையே போயிருக்கு, மூக்கு நெத்தில போடறப்பதான் அது அதிகம்னாலும் உதட்டுக்கு ஊசியே போட்டாலும் அந்த பயம் அறவே இல்லனு சொல்ல முடியாது. இந்த நேரத்துல ஐஸ் வச்சா இருக்கற குழாயும் சுருங்கும், உதவி பண்றதுக்கு பதிலா கெடுதல். சிட்ரிசின் குடுத்தா தூக்கம் வரும், அவ்ளோதான், அந்த தூக்கத்துல போற மணி நேரம்தான் திரும்ப வராதது. நான் மாத்திரை குடுக்கல, தோல் டாக்டர் கிளினிக்குக்கு ஃபோன் பண்ணி சொல்லிட்டு ஆட்டோல ஏத்தி விட்டேன்.

கொஞ்ச நேரத்துல அந்த அம்மா மட்டும் சீட்டோட திரும்பி வந்தாங்க. ஹையலூரானிடேஸ் 1500 யூனிட், கிளினிக்ல இருந்தத போட ஆரம்பிச்சுட்டாராம், இன்னும் நாலஞ்சு வேணுமாம். ஹையலூரானிக் ஆசிட்ட கரைக்கிற என்சைம் அது, ஃபில்லருக்கு மாத்து மருந்துனு வச்சுக்கங்க. சாதாரண மெடிக்கல் ஷாப்ல அது இருக்காது, கேட்டு யாரும் வர மாட்டாங்க. ஆனா மதுரைல இருக்கறவங்களுக்கு இது புதுசு இல்லீங்க, கண்புரை ஆபரேஷனுக்கு கண்ணச் சுத்தி மரத்துப் போற ஊசி போடுவாங்கல்ல, அந்த மருந்து நல்லா பரவறதுக்காக அதோட இதைத்தான் கலக்கறாங்க, எத்தனையோ வருஷமா. இந்த ஊருக்கு கண் ஆபரேஷனுக்குனு எங்கெங்க இருந்தோ வர்றாங்க, அவ்ளோ பேருக்கும் பயன்படற மருந்து. வீட்டுக்காரர் கண் ஆஸ்பத்திரிகளுக்கு சப்ளை பண்ற ஏஜென்சிக்கு பேசி டூவீலர்ல போய் வாங்கிட்டு வந்தார். ஃபில்லர் ஒரு சிரிஞ்சுக்கு வாங்குற காசுல இதோட விலை ஒரு மூலைக்கு காணாது.

எனக்கு ஆத்திரம் வர்றது இங்கதான். ஊரெல்லாம் கண் ஆஸ்பத்திரில இருக்கற மருந்து, ஆயிரக்கணக்குல வாங்கிட்டு உதட்டுல ஊசி போடற எடத்துல இல்ல. இருந்தாலும் எவ்வளவு போடணும்னு தெரிஞ்ச ஆள் இல்ல. 2017ல கனடா டாக்டர் க்ளாடியோ டிலோரென்சி எழுதின முறைனு ஒண்ணு இருக்கு, பாதிச்ச எடம் பூரா அதிக அளவுல போட்டு, மணிக்கொரு தடவ பாத்து, கலர் திரும்பற வரைக்கும் திரும்ப திரும்ப போடறது, இப்ப நெறைய டாக்டர்ங்க அத ஒட்டித்தான் செய்றாங்க. அந்த பொண்ணுக்கும் அன்னைக்கு ராத்திரி வரைக்கும் அப்படித்தான் பண்ணாராம், வெதுவெதுப்பா ஒத்தடம், கையால நீவி விடறது எல்லாம் சேத்து. கலர் திரும்பிடுச்சு. ஒரு எடத்துல மட்டும் தோல் உரிஞ்சு சரியாச்சு. இன்னொரு நாள் சிட்ரிசின் போட்டுட்டு படுத்திருந்தா கதையே வேற. இந்த கரைக்கிற மருந்துக்கும் சிலருக்கு அலர்ஜி வரும், தேனீ குளவி விஷத்துலயும் இதே மாதிரி என்சைம் இருக்கறதால தேனீ கொட்டி உடம்பு பூரா தடிச்சு ஆஸ்பத்திரி போனவங்க அத டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும்.

நிஜமான அலர்ஜி வீக்கமும் இருக்கு, அது வேற மாதிரி. போட்ட சில நிமிஷத்துலயோ சில மணி நேரத்துலயோ உதடு ரெண்டு பக்கமும் உப்பிக்கிட்டு வரும், அரிப்பு, உடம்புல தடிப்பு. நாக்கு தடிக்குது, குரல் மாறுது, எச்சில் முழுங்க முடியல, மூச்சு வாங்குதுனா மாத்திரைய தேடிக்கிட்டு இருக்காம 108க்கு அடிங்க. அது அட்ரினலின் போட வேண்டிய கேஸ். இதுல இன்னொண்ணு, ஃபில்லருக்கு சம்பந்தமே இல்லாம உதடு வீங்கறதும் உண்டு. பி.பி.க்கு எனலாப்ரில், ராமிப்ரில்னு மாத்திரை சாப்பிடறவங்கள்ல சிலருக்கு, வருஷக்கணக்கா சாப்பிட்டு ஒண்ணும் ஆகாதவங்களுக்கு கூட, திடீர்னு ஒரு நாள் உதடும் நாக்கும் வீங்கும், அதுக்கு சிட்ரிசின் பெருசா கேக்காது. நாப்பது அம்பது வயசுல ஃபில்லர் போட்டுக்கறவங்க இப்ப நெறைய, அவங்க சாப்பிடற மாத்திரை என்னனு கேக்காமலே ஊசி போடறாங்க.

கொப்புளம் வந்து வீங்கறவங்களையும் சேத்து சொல்லிடறேன். முன்னாடி எப்பவாச்சும் காய்ச்சல் வந்தா உதட்டோரத்துல கொத்தா நீர்க்கொப்புளம் வர்ற உடம்புனா, அந்த ஹெர்பிஸ் வைரஸ் உள்ள தூங்கிக்கிட்டுதான் இருக்கும், ஊசி குத்தினதுல முழிச்சுக்கும். நம்ம ஊர்ல அக்கினு சொல்லி காவி எழுத கூட்டிட்டு போயிடறாங்க. முன்னாடியே சொல்லியிருந்தா டாக்டர் அசைக்ளோவிர் மாதிரி மாத்திரை குடுத்துட்டே ஊசிய ஆரம்பிச்சிருப்பார்.

ஆனா எனக்கு ரொம்ப குழப்பமா படறது லேட்டா வர்ற வீக்கம். போட்டு நாலஞ்சு மாசம் ஆகியிருக்கும், உதடு நல்லா செட்டாகி, போட்டதையே மறந்திருப்பாங்க. துபாய்ல இருந்து தங்கச்சி கல்யாணத்துக்கு வந்த ஒரு அக்கா மாமியாரோட கடைக்கு வந்தாங்க, ரெண்டு உதடும் கெட்டியா வீங்கி, தொட்டா சூடா. ரெண்டு நாள் முன்னாடிதான் பல் டாக்டர்கிட்ட ரூட் கேனல் பண்ணியிருக்காங்க, அங்க குடுத்த ஆன்டிபயாடிக் ஒத்துக்கலனு முடிவு பண்ணி அதையும் நிறுத்திட்டாங்க. சீட்ட பாத்தேன், அதே மருந்த போன வருஷமும் சாப்பிட்டிருக்காங்களாம், அப்ப ஒண்ணும் ஆகல. "உதட்டுல ஏதாச்சும் ஊசி போட்டிருக்கீங்களா"னு கேட்டேன். இல்லனு தலையாட்டிட்டு, மாமியார் அந்தப் பக்கம் ஹார்லிக்ஸ் விலை பாக்க திரும்பினதும் ஃபோன்ல டைப் பண்ணி காட்டினாங்க, "ஃபில்லர், அத்தைக்கு தெரியாது".

இப்படித்தான் விஷயம் பல் டாக்டருக்கும் தெரியல, வீக்கத்துக்கு பாத்தா அந்த டாக்டருக்கும் தெரிஞ்சிருக்காது. உடம்புல எங்கயாச்சும் இன்ஃபெக்ஷன், ஃப்ளூ காய்ச்சல், பல் வேலை, தடுப்பூசி, இதுல ஏதாவது வந்து எதிர்ப்பு சக்தி முழிச்சுக்கறப்ப, அது வரைக்கும் சும்மா கெடந்த ஜெல்ல வெளி ஆளா பாத்து சண்டைக்கு போகுதுங்கறது ஒரு விளக்கம். ஜெல்ல சுத்தி பாக்டீரியா படலம் மாதிரி ஒட்டி இருந்து பிறகு கிளம்புதுங்கறது இன்னொண்ணு. 2020 டிசம்பர்ல மாடர்னா கொரோனா தடுப்பூசிய எஃப்.டி.ஏ. பரிசீலிச்சப்ப, சோதனைல ஊசி போட்டுக்கிட்டவங்கள்ல ஃபில்லர் போட்ட மூணு பேருக்கு முகமோ உதடோ வீங்கினது பதிவாகியிருந்துச்சு, அதுல ஒருத்தருக்கு முன்னாடி ஃப்ளூ தடுப்பூசி போட்டப்பவும் அதே மாதிரி வந்திருக்கு. அதுக்காக தடுப்பூசி வேணாம்னு யாரும் கிளம்பிட வேணாம், அந்த வீக்கம் எல்லாம் சரியாயிடுச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, மேல சொன்னேனே உதடு வீங்க வைக்கிற பி.பி. மாத்திரை, அந்த குடும்பத்த சேர்ந்த லிசினோப்ரில்ல கம்மி டோஸ்ல குடுத்து 2021ல அமெரிக்க டாக்டர்ங்க இந்த லேட் வீக்கத்த கொறச்சிருக்காங்க. மருந்து படிச்சவளுக்கே தல சுத்துது, அதனால நீங்களா எடுத்துக்கற சமாச்சாரம் இது இல்லங்கறது புரிஞ்சிருக்கும். இன்ஃபெக்ஷன் இருக்கா இல்லையானு பாக்காம பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாங்கனு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டா, சீழ் புடிக்கிற கேஸ்ல அது இன்னும் பரவும். சொல்லப்போனா எங்க தொழில்லயே தப்பு இருக்கு, சீட்டு இல்லாம வீக்கத்துக்குனு நாலு மாத்திரைய பேப்பர்ல மடிச்சு குடுக்கற கடைங்க இருக்கு, அதுல ஒண்ணு ஸ்டீராய்டாதான் இருக்கும், மறுநாள் வீக்கம் அமுங்கினதும் "அந்த கடைக்காரர் கைராசி"னு பேராயிடும், உள்ள என்ன நடக்குதுனு யாருக்கும் தெரியாது.

கடைசியா வர்ற வகை, சிரிஞ்ச்ல இருந்தது ஹையலூரானிக் ஆசிட்டே இல்லாம இருக்கறது. சிலிகான் எண்ணெய், அக்ரிலிக் துகள், பாலிஅக்ரிலமைடு இதெல்லாம் உதட்டுக்கு போட்டு, வருஷம் கழிச்சு கட்டி கட்டியா வீங்கி வந்தவங்க உலகம் பூரா இருக்காங்க. அத கரைக்க எந்த மருந்தும் கெடையாது, கத்தி வச்சுதான் எடுக்கணும், முழுசாவும் எடுக்க வராது. அதனாலதான் சொல்றேன், உங்க கண்ணு முன்னாடி பெட்டிய பிரிக்க சொல்லுங்க. நல்ல கம்பெனி பெட்டிக்குள்ள சிரிஞ்சோட சேத்து பேட்ச் நம்பர் போட்ட ஸ்டிக்கர் இருக்கும், ஒண்ணு டாக்டர் ஃபைல்ல ஒட்டறதுக்கு, ஒண்ணு உங்களுக்கு. அத கேட்டு வாங்கி பர்ஸ்ல வைங்க. நாளைக்கு துபாய்லயோ சிங்கப்பூர்லயோ வீங்கினா அங்க இருக்கற டாக்டர் முதல்ல கேக்கறது அதைத்தான். "ஃப்ரெண்ட கூட்டிட்டு வாங்க, ஒரே சிரிஞ்ச்ல ரெண்டு பேருக்கு பாதி விலைல போட்டுடலாம்"னு ஒரு ஆஃபர் சுத்துதுனு எங்க கடைக்கு வர்ற பொண்ணுங்க சொல்றாங்க, கேட்டு எனக்கு அடிவயிறு கலங்குது. ஊசி முனைய மாத்திட்டா போச்சுனு நெனைக்கிறாங்களாம். சிரிஞ்சுக்குள்ள ரத்தம் ஏறியிருந்தா மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. வரைக்கும் கைமாறும். மிச்சத்த ஃப்ரிட்ஜ்ல வச்சு அடுத்த மாசம் டச்சப் பண்றதும் இதே கதைதான். ஊசியே இல்லாத "பேனா"னு ஒண்ணு ஆன்லைன்ல விக்கிது, காத்தழுத்தத்துல ஜெல்ல தோலுக்குள்ள அடிக்கறது, வீட்லயே பண்ணிக்கலாம்னு வீடியோ வேற. 2021 அக்டோபர்ல எஃப்.டி.ஏ. அத உபயோகிக்காதீங்கனு நேரடியாவே எச்சரிச்சுது.

2025 ஜூலைல இந்தி டி.வி. நடிகை உர்ஃபி ஜாவேத் உதடு தாறுமாறா வீங்கின வீடியோ ஒண்ணு போட்டாங்களே, எல்லாரும் வாட்ஸ்அப்ல அனுப்பி சிரிச்சாங்க, ஃபில்லர் போட்டா இப்படித்தான் ஆகும்னு. அது ஃபில்லர் போட்ட வீக்கம் இல்ல, பழைய ஃபில்லர் சரியான எடத்துல இல்லனு அத கரைக்க ஊசி போட்டப்ப வந்த வீக்கம். கரைக்கறப்பவும் வீங்கும், வலிக்கும், அது அடங்கிடும். அந்த பொண்ணு தானே முன்வந்து மறைக்காம காட்டினது எவ்ளோ நல்ல விஷயம். நம்ம ஊர்ல மாஸ்க் போட்டுக்கிட்டு பத்து நாள் லீவு சொல்லிட்டு வீட்டுக்குள்ளயே கெடக்கறாங்க, டாக்டர்கிட்ட போனாலும் "எறும்பு கடிச்சுது"ங்கறாங்க. சிரிக்கறவங்க இருக்கறதாலதான மறைக்கறாங்க. ஃபில்லர் போட்டுக்கறது அவங்கவங்க இஷ்டம், நான் யாரையும் போடாதனு சொல்ல வரல, பொறந்ததுல இருந்து ஒரு பக்க உதடு ஒல்லியா இருந்தோ, விபத்துல தழும்பாகியோ, போட்டுக்கிட்டு சந்தோஷமா இருக்கறவங்களையும் எனக்கு தெரியும்.

சட்டம் இல்லையானு கேப்பீங்க. இங்கிலாந்துல மார்பக இம்ப்ளான்ட் ஊழல் வெடிச்ச பிறகு 2013ல அங்க அரசு மருத்துவ சேவையோட மருத்துவ இயக்குநரா இருந்த சர் புரூஸ் கீயோ தலைமைல ஒரு அறிக்கை வந்துச்சு, அதுல இந்த மாதிரி ஊசி போட்டுக்கறவங்களுக்கு பால்பாயின்ட் பேனாவோ டூத் பிரஷ்ஷோ வாங்குறவங்கள விட அதிக பாதுகாப்பு ஒண்ணும் கெடையாதுனு எழுதியிருந்தாங்க. அதுக்கப்புறமும் 18 வயசுக்கு கீழ அழகுக்காக போடக்கூடாதுனு அங்க சட்டம் நடைமுறைக்கு வர 2021 அக்டோபர் ஆச்சு. நம்ம தமிழ்நாட்டுல மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997லயே வந்துடுச்சு, அதுக்கு விதிமுறை போட்டது 2018ல, நடுவுல இருபது வருஷம் எங்க போச்சோ. 2016ல சென்னைல முடி நடற சிகிச்சைக்கு அப்புறம் ஒரு மருத்துவ மாணவரே இறந்து போனார், அந்த எடத்துக்கு இருந்தது சலூன் லைசென்ஸ்னு அப்ப உங்க பேப்பர் மாதிரி பேப்பர்லதான் படிச்சோம். மருத்துவம் படிச்சுக்கிட்டு இருந்தவருக்கே அந்த கதி. இப்ப பார்லர் போர்டுல "கிளினிக்"னு ஒரு வார்த்தைய சேத்துக்கிட்டா ஆச்சு, உள்ள போனா வெள்ளை கோட்டு போட்டவங்க எல்லாரும் டாக்டர் மாதிரிதான் தெரியும். ரெண்டு நாள் கோர்ஸ் சர்டிபிகேட்ட ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பாங்க. பேர் கேட்டு தமிழ்நாடு மருத்துவ கவுன்சில்ல பதிவு இருக்கானு பாத்துட்டு உக்காருங்க. போலி ஆளுனு தெரிஞ்சா மாவட்டத்துல நலப்பணிகள் இணை இயக்குநர் ஆபீஸ் இருக்கு, அங்க எழுதிக் குடுக்கலாம். போட்ட பொருளால பிரச்சனை வந்தா அத பதிவு பண்ண 1800 180 3024னு இலவச நம்பர் இருக்கு, காசியாபாத்ல இருக்கற இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன்னு மருந்துத் தரத்த நிர்ணயிக்கற அரசு அமைப்பு நடத்துறது, மருந்தோட பக்க விளைவுக்கும் இந்த மாதிரி மருத்துவ உபகரணத்துக்கும் அங்க சொல்லலாம். உடம்புல ஊசி ஏத்திக்கற ஜெல்லால வந்த வீக்கத்த பத்தி அங்க சொல்லலாம்னு எத்தனை பேருக்கு தெரியும், டாக்டர்ங்களே நெறைய பேர் பதிவு பண்றதில்ல.

போட்டுக்க போறவங்க அங்க போய் உக்காந்ததும் ஒண்ணே ஒண்ணு கேளுங்க, "ஹையலூரானிடேஸ் இருக்கா, எடுத்து காட்டுங்க, எக்ஸ்பைரி பாக்கணும்"னு. முழிச்சாங்கன்னா எந்திரிச்சு வந்துடுங்க, அட்வான்ஸ் போனா போகுது. "ராத்திரி ரெண்டு மணிக்கு கலர் மாறினா யாருக்கு ஃபோன் பண்ணணும்"னும் கேளுங்க, ரிசப்ஷன் நம்பர் குடுத்தா பத்தாது, ஊசி போட்டவரோட நம்பர் வேணும்.

ஆசிரியர் ஐயா, உங்ககிட்ட கேக்க வந்ததும் இதேதான். அழகுக் குறிப்பு வந்த அதே இணைப்புல பின்பக்கம் லிப் ஃபில்லர் ஆடி ஆஃபர்னு கால் பக்க விளம்பரம் இருந்துச்சு. அதுல செல் நம்பர் ரெண்டு இருந்துச்சு, ஈ.எம்.ஐ. வசதி இருந்துச்சு, ஊசி போடப் போறது யாருனு ஒரு பேர் இல்ல. இனிமே இந்த மாதிரி விளம்பரம் வாங்கும்போது டாக்டர் பேரும் கவுன்சில் பதிவு நம்பரும் இல்லாம போட மாட்டோம்னு உங்க விளம்பரப் பிரிவு சொன்னா, வர்ற ஆவணி முகூர்த்த சீசனுக்கு முன்னாடியே பாதி கடைங்க விளம்பரத்த நிறுத்திக்கும். அந்த வருமானம் உங்களுக்கு போகும்னு எனக்கும் தெரியும், இருந்தாலும் கேக்கறேன். கூடவே அழகுக் குறிப்பு எழுதறவங்ககிட்ட சொல்லி, வெளுத்துப் போனா, வலை மாதிரி கோடு விழுந்தா, வலி ஏறிக்கிட்டே போனா அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும்னு மூணு வரி அடுத்த வாரம் சேக்க சொல்லுங்க, எடம் பத்தலனா நடிகை படத்த கொஞ்சம் சின்னதா போடுங்க.

இப்படிக்கு,
மெடிக்கல் ஷாப் வாசகி,
மதுரை.